தாய்மாமன் போட்ட வேட்டு

பேருந்து கடைசி மேட்டில் ஏறும்போதே ஹம்மு மனைவியை எழுப்பிவிட்டான். பல வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கணம் அது. மேடு முடிந்ததும் பூமி சட்டென்று வாய் பிளக்கும். பள்ளத்தாக்கின் அடியில் பேரீச்சந்தோப்புகள் கருத்துக் கிடக்கும். குன்றுக்கு ஒன்றாக ஐந்து ஊர்கள். ஒவ்வொன்றிலும் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்று, உச்சியில் பள்ளிவாசல் மினாராவில் போய் முடியும். விடிகிற வெளிச்சம் முதலில் மினாராக்களைத் தொட்டுவிட்டு, பிறகு வீடு வீடாக இறங்கி வரும்.

"பாரு. அதோ, நாலாவது குன்று. அதான் தாஸ்ரித். எங்க ஊரு."

ஸுலைகா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பார்வையைப் பள்ளத்தாக்கின் அடிவரை ஓட்டினாள்.

"தண்ணி எங்கே?" என்றாள்.

அவள் வடக்கே அல்ஜியர்ஸ் பட்டணத்தில் பிறந்தவள். அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல். அவள் வெங்காயம் நறுக்கும்போது அலை கேட்கும், சண்டை போடும்போது அலை கேட்கும், ஹம்மு மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு வந்து படுக்கும்போதும் கேட்கும். பள்ளத்தாக்கு ஆண்கள் எல்லாரையும் போல ஹம்முவும் மீசை அரும்பும் வயதில் வடக்கே கடை வேலைக்குப் போனவன்தான். மற்றவர்கள் ஊரில் பெண் கட்டி, ஊரிலேயே குடும்பத்தை வைத்தார்கள். ஹம்மு கடற்கரைப் பெண்ணைக் கட்டினான்; ஒரே மகளையும் அங்கேயே கட்டிக் கொடுத்துவிட்டான். அவன் தாய் மருமகளைக் கடைசிவரை வாசல் மிதிக்க விடவில்லை. போன குளிர்காலத்தில் அவர் கண்ணை மூடினார். அக்கா மென்னா, தன் மகள் கல்யாணத்துக்கு இருவரையும் சேர்த்தே அழைத்தாள். கூடவே ஒரு பேச்சு. அவள் கணவருக்கு உடம்பு முடியவில்லை, சந்தைச் சதுக்கத்தில் இருக்கும் அவர்களுடைய துணிக்கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஹம்மு வந்துவிட்டால் என்ன?

ஹம்முவுக்கு உயிரே அங்கேதான் இருந்தது. ஸுலைகா யோசித்துச் சொன்னாள். "வெள்ளி, சனி. ரெண்டு நாள் வந்து பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறும்போது சொல்றேன், இங்கே குடி வருவேனா மாட்டேனான்னு. நடுவுல ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

ஆகவே ஹம்மு அந்த இரண்டு நாளையும் கையில் எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நடப்பவன் மாதிரி நடத்த வேண்டியிருந்தது.

மென்னா கதவைத் திறந்தாள். தம்பியின் மனைவியை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். ஸுலைகாவின் கையில் பாதாம் பலகாரப் பெட்டி. இரண்டு பெண்களும் அந்தப் பெட்டியின் இரு முனைகளையும் பிடித்தபடி ஒரு கணம் நின்றார்கள்.

"ராத்திரி பூரா பஸ்ஸா? முதுகு போயிருக்குமே. உள்ளே வா," என்றாள் மென்னா. அவ்வளவுதான். ஹம்மு வெளியே விட்ட மூச்சில் திரைச்சீலை ஆடியது.

தேநீர், பேரீச்சம்பழம், வெண்ணெய் ஊறிய ரொட்டி. சாப்பிட்ட கையோடு ஹம்மு ஸுலைகாவை வெளியே இழுத்துக்கொண்டு போனான். முதலில் சந்துகள். கூரை வேய்ந்த சந்துகளில் வெயில் புள்ளிப் புள்ளியாகத்தான் விழுந்தது. வெள்ளைக் கம்பளித் துணியால் தலை முதல் கால்வரை மூடி, ஒற்றைக் கண் மட்டும் தெரிய, பெண்கள் சுவரோரமாக நழுவிப் போனார்கள்.

"ஒத்தக் கண்ணுதான் தெரியுது. ஆனா என் செருப்பு என்ன விலைங்கிற வரைக்கும் எடை போட்டுட்டாங்க," என்றாள் ஸுலைகா.

"நீயும் போர்த்திக்கலாம். யாருக்கும் உன்னைத் தெரியாது. நிம்மதி."

"இங்கே குடி வந்தாத்தானே அந்தப் பேச்சு? நடுவுல கேக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

ஹம்மு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காவல் கோபுரத்தில் ஏற்றினான். ஊர் முழுதும் காலடியில் தெரிந்தது. "அழகாத்தான் இருக்கு," என்றாள். அந்த 'தான்' அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. நூறு வருடக் கிணற்றைக் காட்டினான். கயிறு உராய்ந்து உராய்ந்து கல்லில் விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஸுலைகா எட்டிப் பார்த்தாள். அடியில் தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். "விழுந்துச்சா, இல்ல இன்னும் போய்க்கிட்டே இருக்கா?" என்றாள்.

கடைசியாக ஆற்றங்கரை. இதைக் காட்டாமலே விட்டுவிடலாமா என்றுகூட ஹம்மு யோசித்திருந்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவன் பீற்றிக்கொண்ட ஆறு அது. உங்களுக்குக் கடல் இருந்தா என்ன, எங்களுக்கு ஆறு இருக்கு. அது வரும்போது துப்பாக்கி வெடிச்சுச் சேதி சொல்லுவோம். மேட்டுக் கோபுரத்துல ஒரு வேட்டு, அதைக் கேட்டு அடுத்த ஊர்ல ஒண்ணு, அதைக் கேட்டு அடுத்த ஊர்ல. தண்ணிக்கு முன்னாடி சத்தம் ஓடி வரும்.

அகலமான மணல் படுகை. நடுவில் நாலு ஆடுகள். ஒரு லாரி. அறுந்து போன நீல ரப்பர் செருப்பு ஒன்று.

"உங்க ஆத்துல லாரி நிக்குதே," என்றாள் ஸுலைகா.

"நிழலுக்காக நிறுத்தியிருப்பாங்க."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"மூணு வருஷம் இருக்கும். சில சமயம் அஞ்சும் ஆகும்."

"துப்பாக்கி வெடிச்சா ஆறு வரும். சரிதான். எங்க ஊர்ல விசில் அடிச்சா கடல் எழுந்து நிக்கும்." அவள் சிரிக்காமல் சொன்னதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

படுகையின் குறுக்கே ஒரு கற்சுவர். அதன் தலையில் சீப்புப் பற்கள்போல வரிசையாகக் கற்கள். ஒவ்வொரு இடைவெளியிலிருந்தும் ஒரு சந்து தோப்புகளுக்குள் போனது. இருபுறமும் மண்சுவர், கீழே கல் பாவிய தரை. ஹம்மு அவளை அதில் ஒன்றின் வழியாக அழைத்துப் போனான். சுவரின் அடியில் கையளவே இருந்த ஒரு துளையைக் கண்டு ஸுலைகா குனிந்தாள்.

"இது என்ன, எலி போற வழியா?"

"எங்க தோட்டத்துக்குத் தண்ணி போற வழி. எத்தனை மரமோ அதுக்குத் தக்க அகலம். ஒரு விரக்கடை கூட்ட முடியாது, குறைக்க முடியாது. நாம நடக்கிறோமே, இது தெரு இல்ல, வாய்க்கால். ஆறு வந்தா தெருவெல்லாம் வாய்க்கால்."

அவள் துளைக்குள் கையை விட்டாள். உள்ளே கல் வழவழவென்றிருந்தது. எந்தக் காலத்துத் தண்ணீரோ தேய்த்த வழவழப்பு. கையை எடுக்காமலே கேட்டாள். "யாரு அளந்தது இதையெல்லாம்?"

"யாருக்குத் தெரியும்? எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே இருந்துச்சாம்."

"எப்பவோ ஒரு தடவை வர்ற விருந்தாளிக்கா இத்தனை ஏற்பாடு?" என்றாள். இந்த முறை குரலில் கேலி இல்லை. ஹம்மு அதைப் பத்திரமாக எடுத்து மனதுக்குள் வைத்துக்கொண்டான்.

அவளுக்குத் தோட்டத்து நிழல் பிடித்துவிட்டது. ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம் வந்தது. மேலே ஊர் உச்சியிலிருக்கும் பெரிய பள்ளிவாசலுக்குப் போனால் ஏறி இறங்கவே வெகுநேரம் ஆகும். அவளைத் தனியே விட மனமில்லாமல் ஹம்மு தோப்புக்குள்ளேயே இருந்த சின்னப் பள்ளியில் நாலைந்து பேரோடு தொழுதுவிட்டு ஓடிவந்தான்.

அதனால் மேலே பெரிய பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் ஆற்றுக்காவலர் பாஹ்மது எழுந்து சொன்னது அவன் காதில் விழவில்லை. வடமேற்கே மேட்டு நிலத்தில் நேற்று முதல் மேகம் இறங்கியிருக்கிறது, மழை பெய்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, மேட்டுக் கோபுரத்து ஆட்களுக்குப் போன் போகவில்லை. ஆகவே தான் சொல்லும்வரை இந்த ஊரில் யாரும் வெடிமருந்து கிட்டித்துத் துப்பாக்கி வெடிக்கக் கூடாது, கல்யாண வீடாக இருந்தாலும் சரி. பள்ளத்தாக்கில் இது பிள்ளைக்கும் தெரிந்த கட்டுப்பாடு. மேகம் உட்கார்ந்திருக்கும் நாளில் வேட்டுச் சத்தம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

ஹம்முவும் அந்த மேகத்தைப் பார்க்காமல் இல்லை. வானத்தின் ஓரத்தில் அடுப்புக்கரியால் கோடு இழுத்ததுபோல இருந்தது. ஆனால் அவன் மனம் முழுக்க அடுத்து எதைக் காட்டுவது என்பதிலேயே இருந்தது.

பிற்பகலில் கல்யாண வீட்டுச் சந்து நிறைந்துவிட்டது. மணப்பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போகும் நேரம். பெண்கள் எல்லாரும் மொட்டைமாடியில். ஆண்கள் உள்முற்றத்தில் கோதுமை ரவையில் சமைத்த கூஸ்கூஸ் தாம்பாளங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெண் வாசலைத் தாண்டும்போது முதல் வேட்டு தாய்மாமனுடையது. அது அவர்கள் குடும்பத்து வழக்கம். தகப்பனாரின் நீளத் துப்பாக்கி, வெள்ளிப் பூண் போட்டது, கூடத்துச் சுவரில் தொங்கியது. ஹம்மு அதை இறக்கித் துடைத்தான். குண்டு கிடையாது, வெறும் மருந்துதான். எண்ணெய் போட்ட வாசனை. மென்னாவே போட்டு வைத்திருக்க வேண்டும். அவள் அப்போது உள்ளறையில் மகளுக்கு முக்காடு போட்டுக்கொண்டிருந்தாள். தம்பிக்குச் சேதி தெரிந்திருக்கும் என்றே நினைத்தாள். தோப்பில் தொழுதவர்களுக்குக்கூட அதற்குள் சேதி எட்டியிருந்தது; தெரியாத ஆண் ஊரிலேயே ஒருவன்தான் இருந்தான்.

சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். வெள்ளைப் போர்வைகளுக்கு நடுவே ஸுலைகாவின் பச்சைச் சட்டை மட்டும் தனியாகத் தெரிந்தது. அவள் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து காட்டிய எதுவும் அவளை அசைக்கவில்லை. இதையாவது பார்க்கட்டும். ஹம்மு மருந்தைத் தாராளமாகவே கிட்டித்தான். பெண்ணின் மருதாணிக் கால் வாசலில் தெரிந்ததும், குழலை வானத்தை நோக்கித் தூக்கி விசையை இழுத்தான்.

சத்தம் சந்தின் சுவர்களில் மோதி மோதி மேலே ஏறியது. புகை. புறாக்கள் பறந்தன. முற்றத்தில் பேச்சு நின்றது.

அப்போது மேலே ஊர்க் கோபுரத்திலிருந்து ஒரு வேட்டு வெடித்தது. கொஞ்சம் பொறுத்து, கீழே ஐந்தாவது குன்றிலிருந்து இன்னொன்று. எதிர்ப்பக்கம் மூன்றாவது குன்றிலிருந்து ஒன்று. அதன் எதிரொலி அடங்குமுன் இன்னும் தள்ளி ஒன்று.

ஹம்முவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஸுலைகா! கேட்டியா? பள்ளத்தாக்கே நம்ம பொண்ணுக்கு மரியாதை செய்யுது!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினான்.

அவன் வாய் மூடவில்லை, முற்றத்திலிருந்து ஆண்கள் பாய்ந்து வந்தார்கள். தாம்பாளங்கள் உருண்டன. ஒவ்வொரு வீட்டு நடையிலும் ஒரு மண்வெட்டி தொங்கும். கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு, அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்து வழியாகக் கீழே ஓடினார்கள். எதிரே ஊர்வலமாக வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் திரும்பி ஓடினார்கள். மாப்பிள்ளையே ஓடினான். வெள்ளை மேலங்கி சிறகுபோலப் பறக்க, யாரோ கொடுத்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "ஆறு! ஆறு!" மணப்பெண் வாசலில் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாக நின்றாள்.

மென்னா வந்தாள். தம்பியையும் அவன் கையிலிருந்த துப்பாக்கியையும் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் புரிவது அவள் முகத்தில் தெரிந்தது.

"தம்பி, நீயா?"

"ஏன் அக்கா? முதல் வேட்டு…"

"அட கூறு கெட்டவனே! இன்னைக்கு மருந்து கிட்டிக்கக் கூடாதுன்னு ஜும்ஆவுல சொன்னாங்களே! நீ எங்கே போயிருந்தே?"

ஹம்மு மாடியைப் பார்த்தான். பச்சைச் சட்டை அங்கே இல்லை. பெண்களெல்லாம் இறங்கித் தோட்டப் பக்கம் போய்விட்டிருந்தார்கள்.

அவன் ஆற்றங்கரைக்கு நடந்து போனான். ஓட முடியவில்லை. துப்பாக்கியை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. கரை நெடுகிலும் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். வாய்க்கால் வாயிலிருந்த குப்பையைச் சிலர் வாரி எறிந்திருந்தார்கள், அடைப்புக் கற்களை நகர்த்தியிருந்தார்கள். லாரிக்காரர் லாரியைக் கரையேற்றிவிட்டிருந்தார். ஆடுகளும் ஏறிவிட்டன. படுகையில் அந்த நீலச் செருப்பு மட்டும் கிடந்தது. மேற்கே பொட்டுத் தண்ணீர் இல்லை.

ஆற்றுக்காவலர் பாஹ்மது கோபுரத்திலிருந்து இறங்கி வந்தார். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் குரல் தணிந்துபோகும் சுபாவம்.

"மேட்டுலேர்ந்து சத்தம் வரல. நம்ம ஊருக்குள்ளேயே வந்திருக்கு. யாரு?"

ஹம்மு துப்பாக்கியோடு முன்னே வந்தான். "நான்தான். தெரியாமச் செஞ்சுட்டேன்."

கூட்டத்திலிருந்து ஒரு குரல், "மளிகைக்காரர் அல்ஜியர்ஸ்லேர்ந்து பாட்டில்ல கடலைக் கொண்டாந்திருக்கார் போல, திறந்து ஊத்துங்க பாப்போம்!" சிரிப்பு கரை நெடுகப் பரவியது. இன்னொருவர் கத்தினார். "கூஸ்கூஸ் ஆறிப்போச்சுய்யா! ஆத்துக்காவது வந்தோமா, சோத்துக்காவது இருந்தோமா!"

பாஹ்மது சிரிக்கவில்லை. "கீழேயும் எதிரேயுமா நாலு ஊர். அத்தனை பேரும் இப்ப உன்னை மாதிரி வெறும் மணலைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நாளைக்கு நிஜமா வேட்டு கேட்டா, எவனாவது ஒருத்தன் 'அட, எவன் வீட்டுக் கல்யாணமோ'ன்னு படுத்துக் கிடப்பான். அவனைத் தண்ணி கொண்டுபோகும். விளங்குதா? ஊருக்கு ஒரு வெள்ளிக்கிழமை. அஞ்சு ஊர்ப் பள்ளியிலயும் எழுந்து நின்னு, 'பொய் வேட்டுப் போட்டவன் நான்தான்'னு உன் வாயால சொல்லணும்."

"சொல்றேன்," என்றான் ஹம்மு. நிமிரவில்லை. தோப்புச் சுவரின் மேல் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரியும். அதில் ஒருத்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதும் தெரியும். நாளை சாயங்காலம் அவள் சொல்லப்போகும் பதிலும் அவனுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. துணிக்கடை, நிழல் சந்து, உச்சி மினாரா எல்லாவற்றையும் அவன் ஒரு சிட்டிகை மருந்தில் சுட்டுத் தள்ளிவிட்டான்.

கூட்டம் கலையத் தொடங்கியது. மாப்பிள்ளை கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

"கொஞ்சம் சும்மா இருங்க எல்லாரும்!"

ஸுலைகாவின் குரல். சுவரின் மேல் எழுந்து நின்றிருந்தாள். "எங்கேயோ அலை அடிக்குது."

பெண்கள் சிரித்தார்கள். "பாவம், ஒரே நாள்ல வீட்டு ஞாபகம் வந்துடுச்சு," என்றாள் ஒருத்தி. "இங்கேர்ந்து கடல் எத்தனை தூரம் தெரியுமா கண்ணு?" என்றாள் மற்றொருத்தி.

"ஏ மனுஷா!" ஸுலைகா நேராக ஹம்முவைப் பார்த்துக் கத்தினாள். "உங்க காதுல என்ன பஞ்சா அடைச்சிருக்கு? பிறந்ததுலேர்ந்து கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? கல்லைப் புரட்டிக்கிட்டு வருது. அந்தப் பக்கம்!" மேற்கே கை நீட்டினாள்.

பாஹ்மது கையை உயர்த்தினார். கரை அப்படியே அடங்கியது. அத்தனை ஆண்களும் மூச்சைப் பிடித்தார்கள். ஆட்டின் கழுத்துமணி ஒன்று அசைந்தது. யாரோ அதைக் கையால் பொத்தினார்கள்.

முதலில் ஹம்முவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளங்காலில் கேட்டது. பிறகு வாசனை வந்தது. மூன்று வருடமாகக் காய்ந்த மண் தூரத்தில் எங்கோ நனைகிற வாசனை. அது வந்ததும் கரையில் நின்ற எல்லாருடைய முகமும் ஒரே சமயத்தில் மேற்கே திரும்பியது.

பாஹ்மது கோபுரத்தை நோக்கி ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவதை ஊரார் பார்த்ததே இல்லை.

ஆறு வளைவில் திரும்பி வந்தது. சுவர் மாதிரி எழுந்து வரவில்லை. பழுப்பான ஒரு நாக்கு மாதிரி, தரையை மோந்து மோந்து வந்தது. அதன் விளிம்பில் நுரை. நுரைக்கு முன்னால் காய்ந்த ஓலை, சுள்ளி, ஆட்டுப் புழுக்கை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்தது. மணல் அதைக் குடித்தது. குடிக்கும்போது ஸ்ஸ் என்று ஆயிரம் வாய் உறிஞ்சுகிற சத்தம். நாக்கு தயங்கி நின்றது. பின்னாலிருந்து இன்னொரு நாக்கு அதன்மேல் ஏறி முன்னே வந்தது. அதன்மேல் இன்னொன்று. நீலச் செருப்பு ஒரு தரம் சுழன்று, எழுந்து, மிதந்தது. அப்புறம்தான் பின்னாலிருந்த உயரம் தெரிந்தது. மாலை வெயில் பட்டு, கரைக்குக் கரை செம்புத் தகடாய்த் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தலைக்குமேல் மேகமில்லை. ஒரு துளி மழை விழவில்லை. எங்கோ, அவர்கள் பார்த்திராத மலைகளில் பெய்தது, யாரும் கூப்பிடாமல் இவர்கள் வாசலைத் தேடி நடந்து வந்திருந்தது.

கோபுரத்தில் வேட்டு வெடித்தது. கீழ்க் குன்றுகள் பதில் சொல்லின. பெண்கள் குலவையிட்டார்கள். உடனே தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். ஆண்கள் தலைக் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. தண்ணீர் சீப்புக் கற்களை வந்து தொட்டது, ஒரு கணம் நின்றது, பிறகு தானே பிரிந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அதனதன் பங்கு, ஒவ்வொரு சந்திலும் அதனதன் வேகம். என்றைக்கோ செத்துப்போனவர்கள் பங்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடிருந்தவர்கள் வெறுமனே நின்று பார்த்தார்கள்.

ஹம்மு சுவர்மேல் ஏறி ஸுலைகாவிடம் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அந்த முகத்தை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான், மகள் பிறந்த அன்று.

"நம்மளது எங்கே போகுது?" என்றாள் மெல்ல.

இருவரும் சுவர்த் தலையிலேயே நடந்து தங்கள் சந்தின் தண்ணீரோடு கூடவே போனார்கள். காலையில் அவர்கள் நடந்த தெரு இப்போது முழங்கால் ஆழத்துக்கு ஓடியது. வெட்டுக்கிளிகளும் எறும்புகளும் ஒரு தேளும் பேரீச்ச மரங்களில் அவசர அவசரமாக ஏறிக்கொண்டிருந்தன. தோட்டத்துக்குள் இறங்கி, அந்தக் கையளவுத் துளைக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். துளை வறண்டிருந்தது. ஸுலைகா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் காற்று வெளியே வந்தது. கொஞ்சம் தூசி. பிறகு ஒரு விரல் தண்ணீர். பிறகு ஒரு கை. மண் நிறத்தில், முறுக்கிய கயிறு மாதிரி, அளந்த அளவு மாறாமல் உள்ளே வந்து முதல் மரத்தின் காலைச் சுற்றியது.

அவள் தன் விலை உயர்ந்த செருப்போடு அதில் இறங்கினாள். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பே இல்ல," என்றாள், நம்ப முடியாதவள்போல. பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்த கை முகத்தில் சேறு பூசிவிட்டது.

மேட்டுக்காரர்களின் சேதி இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தது. இடி விழுந்து போன் கோபுரம் செத்துவிட்டதாம். அவர்கள் வெடித்த வேட்டு இடிச் சத்தத்தில் அமுங்கிவிட்டதாம். "பாவி மனுஷன் வேட்டுப் போடலேன்னா என் லாரி இப்ப கடலுக்கே போயிருக்கும்," என்று லாரிக்காரர் ஹம்முவின் முதுகில் ஓங்கித் தட்டினார். கேட்டுக்கொண்டிருந்த பாஹ்மது, "பொய் வேட்டு பொய் வேட்டுதான். அஞ்சு வெள்ளிக்கிழமை," என்றார். ஆனால் போகிற போக்கில் சுவரடியில் நின்ற ஸுலைகாவிடம் குரலைத் தணித்துச் சொன்னார், "நல்ல காதும்மா உனக்கு." கோபத்தில் தணிகிற குரல் இல்லை அது. சேறு காயாத மாப்பிள்ளையிடம் மணப்பெண்ணை அழைத்துப் போனார்கள். இந்தத் தடவை யாரும் துப்பாக்கியைத் தொடவில்லை.

சனிக்கிழமை ஹம்மு போட்டு வைத்த திட்டம் எதுவும் நடக்கவில்லை. ஊரே கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தது. தேநீர்க் கெட்டில்கள் கைமாறின. மென்னா, ஸுலைகாவுக்குத் தன் வெள்ளைப் போர்வை ஒன்றைக் கொடுத்தாள், சேறான பச்சைச் சட்டையை மறைக்க. ஒற்றைக் கண் மட்டும் தெரிய ஸுலைகா பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். எந்தக் கண் அவளுடையது என்று ஹம்மு தேடிக்கொண்டே இருந்தான். தண்ணீர் மெல்ல மெல்ல மெலிந்தது. மதியத்துக்குமேல் நடுவில் திட்டுகள் தெரிய ஆரம்பித்தன.

சாயங்காலம் சாலைமேட்டில் பேருந்து வந்து நின்றது. ஹம்மு பெட்டியோடு நின்றான். கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. அவன் கேட்கவில்லை.

"திங்கக்கிழமை வந்து பார்த்தா இந்த ஆறு இருக்காது இல்ல?" என்றாள்.

"இருக்காது."

"கடல் எங்கேயும் போறதில்ல."

"ஆமா," என்றான்.

"எங்கேயும் போகாதுங்கிறதால, நான் அதைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு." அவள் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிப் பெட்டியை அவனிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "போங்கண்ணே, நாங்க ஏறல," என்று அவரிடம் கத்தினாள்.

ஹம்மு அவளையே பார்த்தான்.

"என்ன பாக்குறீங்க? அஞ்சு வெள்ளிக்கிழமை ஊர் ஊரா நின்னு பொய் வேட்டுப் போட்டேன்னு சொல்லணுமே. தனியா விட்டா அதையும் தப்பா சொல்லிட்டு வருவீங்க. அதுக்கப்புறம் பாக்கலாம்." திரும்பி நடந்தாள். நாலடி போய் நின்றாள். "அதுக்கு முன்னாடி மதினிகிட்ட கேட்டு, எனக்கும் ஒரு மண்வெட்டி வாங்கணும். அடுத்த தடவை நான் சுவர்மேல உக்காந்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

பேருந்து கிளப்பிய தூசி அடங்கியபின், கீழே தோப்புகளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மரங்களின் காலடியில் மண் இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. இருவரும் அதைக் கேட்டபடி இறங்கிப் போனார்கள்.